மிரியத்தின்ர முதுகைப் பார்த்து வாசிச்சவள்

பாடுறவருக்குத் தொண்டை கட்டினால் சனம் பாவம் பார்க்கும். கூட வாசிக்கிறவளுக்கு ஒரு விரல் பிசகினால் சனம் திரும்பிப் பார்க்கும். பக்கவாத்தியம் எண்டு ஒருநாளாவது குந்தினவையளுக்கு என்ர வயித்தெரிச்சல் விளங்கும்.

நான் யாழ்ப்பாணத்து வேதக்காரக் குடும்பம், வளர்ந்தது ஜேர்மனியில, ஹனோவரில. சின்னனில இருந்து ஓர்கன் வாசிச்ச தேவாலயத்தைப் போன வருசம் மூடிப்போட்டினம். ஓர்கனை வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்க ஏலுமே? விசர் பிடிச்ச மாதிரித் திரிஞ்சன். அந்த நேரம் பார்த்து ஒரு யூத சபை ஆள் தேடிச்சுது. ஓய்வுநாளில வாத்தியம் தொடாத ஆக்கள் அவையளில இருக்கிறபடியால், வெளியாளைக் கூப்பிட்டு வாசிப்பிக்கிறது அங்கை பழைய வழக்கம். ஆனால் ஓர்கனே வேண்டாம் எண்டு நிக்கிற ஒரு பகுதியும் உண்டு. பாவநிவிர்த்தி நாள் எண்ட பெரிய நோன்பு வரைக்கும் புரோபெட்சைட், அதுதான் தகுதி பார்க்கிற காலம், வாசிப்பைப் பார்த்துத்தான் முடிவு எண்டிச்சினம். இதுவும் போனால் எனக்கு வாசிக்க வேற இடமில்லை.

சால்வை

வழிபாட்டைப் பாடி வழிநடத்திறவ மிரியம். வேதச்சுருள் வைச்ச பேழையைப் பார்த்துத்தான் கனக்கப் பாடுவா. ஓர்கன் இருக்கிறது மண்டபத்தின்ர பின்பக்கம். ஆக, எனக்குத் தெரியிறது அவவின்ர முதுகு மட்டும். மூச்செடுக்கேக்கை தோள் உயரும், அதைப் பார்த்துத் தொடங்கவேணும்.

முதல் வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் தொடங்கிற பின்னேரம், தோள் உயர்ந்தது. நான் தொடங்கிப்போட்டன். அவ தொடங்கேல்லை. செபச் சால்வை சரிய, அதை இழுத்துப் போட்டிருக்கிறா, அவ்வளவுதான். முடிஞ்சாப்போல வந்து மெல்லமாய்ச் சொன்னா: “சால்வைக்கும் சேர்த்து வாசிக்கத் தேவையில்லை.”

ஆமென்

எங்கட தேவாலயத்தில கடைசி ஆமென் ஓர்கன்காரரின்ர சொத்து. ரெண்டு கையாலயும் அமத்தி, ஆறுதலாய் இழுத்து முடிப்பம். இங்கை ஆமென் சபையின்ர பதில். டக்கெண்டு சொல்லிப்போட்டு அடுத்ததுக்குப் போயிடுவினம். இது எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியேல்லை. திராட்சரச ஆசீர்வாதம் முடிய, சனம் ஆமென் சொல்ல, என்ர கை தன்ரபாட்டில அந்த நீட்டு ஆமெனை வாசிச்சுது. கிண்ணத்தைத் தூக்கின கையோட மிரியம் அப்பிடியே நிண்டா. குடிக்கிறதோ காத்து நிக்கிறதோ எண்டு அவவுக்கும் தெரியேல்லை.

முன்வரிசையில ஹெர் லெவின் எழும்பினார். உக்ரைனில இருந்து வந்தவர், நிர்வாகத்தில ஓர்கன் வேண்டாம் எண்ட பகுதிக்குத் தலைவர். வெளிய போகேக்கை என்னட்டை நிண்டு சொன்னார்: “எங்களுக்கு வாய் இருக்குது, ஆமெனை நாங்களே சொல்லுவம்.”

பென்சில்

நோன்புக்கு முந்தின ஒத்திகையில எனக்கும் மிரியத்துக்கும் கொழுவல். ஒரே வரியை ஒருக்கா இழுப்பா, அடுத்தமுறை வெட்டிக்கொண்டு ஓடுவா. “எங்கை நிப்பாட்டுவியள் எண்டு பென்சிலால அடையாளம் போட்டுத் தாங்கோ” எண்டன். மாட்டாவாம். “பிழைவிட்டால் போறது நான், நீங்களில்லை” எண்டு நானும் கத்திப்போட்டன். அவ பென்சிலை வாங்கி ஓர்கனுக்கு மேல வைச்சா. “செபத்தில எங்கை அழுகை வரும் எண்டு எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்பிடி எழுதித் தாறது?”

மூண்டாந்தரம்

நோன்பு தொடங்கிற பின்னேரம் பாடுறதை மூண்டுதரம் பாடவேணும், ஒவ்வொருதரமும் குரல் ஓங்கவேணும். மிரியத்துக்குத் தடிமன், மூக்கும் தொண்டையும் அடைச்சிருந்தது. மண்டபம் நிறைஞ்ச சனம். ரெண்டுதரம் ஒருமாதிரி ஒப்பேத்திப்போட்டா. மூண்டாந்தரம் உச்சத்துக்குப் போற இடத்தில குரல் உடைஞ்சு நிண்டுட்டுது.

ஹெர் லெவின் திரும்பி என்னைப் பார்த்தார். ஓர்கனை முழுசாய்த் திறந்துவிட்டால் அந்த ஓட்டையை மூடிப்போடலாம். தேவாலயத்தில அப்பிடித்தான் செய்வம். கையும் அதுக்குப் போயிட்டுது. ஆனால் மிரியத்தின்ர தோள் உயர்ந்தபடியே நிண்டுது. அவ மூச்சைத் தேடுறா. நான் மூடினால் அது என்ர கச்சேரியாய்ப் போயிடும். கையை எடுத்துப்போட்டு, ஓர்கனின்ர கால்மிதியில ஒரேயொரு சுரத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு காத்திருந்தன்.

அப்ப முன்வரிசையில ஒரு கரகரத்த குரல், அவ விட்ட இடத்தில இருந்து எடுத்துது. ஹெர் லெவின். எடுத்தது அரைக்கட்டை கீழ. நானும் அவரோட அரைக்கட்டை கீழ இறங்கினன். சனம் சேர்ந்துது, பிறகு மிரியமும் சேர்ந்தா. கடைசி வரியை அவவே பாடி முடிச்சா. எனக்குக் கண்ணால தண்ணி ஓடினது.

வழிபாடு முடிய, கோட்டுப் போட்டுக்கொண்டு ஹெர் லெவின் என்னட்டை வந்தார். புரோபெட்சைட்டைப் பற்றித்தான் சொல்லப்போறார் எண்டு நினைச்சு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவர் தொண்டையைச் செருமிப்போட்டுச் சொன்னார்: “வாற வெள்ளி வெள்ளன வாங்கோ, எனக்கு எந்தக் கட்டை தோதெண்டு பார்த்து வைப்பம்.”

ஆகமொத்தம், ஒரு முதுகைப் பார்த்து வாசிக்கவே திண்டாடினவளுக்கு இப்ப பார்த்து வாசிக்க ரெண்டு முதுகு.