தறி நின்ற மத்தியானம்

நகரியில் விசைத்தறி ஓட்டும் சிவசங்கரனின் உதடுகள் வேலை நேரத்தில் அசைந்துகொண்டே இருக்கும். பாழாய்ப்போன தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் காதில் விழாது. புருஷன் பாடுகிறான் என்றே அடுத்த தறியில் நின்ற வள்ளி நம்பினாள். தூக்கம் கெட்டு ஆள் வற்றிப்போனபோதும், உடம்புச் சூடு என்று மோர்தான் கரைத்துக் கொடுத்தாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. அவன் குரல் மட்டும் நிற்கவில்லை.

"திட்டாத... நான் ஒண்ணும் பண்ணல," என்று வெறும் சுவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

திருப்பதியில் மனநல டாக்டர் கேட்டார்: "எத்தன நாளா இப்படி?"

வள்ளி புருஷனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு வருஷமா உதடு அசையுது சார். பாடறாருன்னு நெனச்சி, நான் அவரப் பாத்து சிரிச்சிக்கினு இருந்தேன்."