தீப்பெட்டி வைத்தால் பேசும்

யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடுவது என் பழக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பாத்திரக் கடையில் காலமெல்லாம் விற்பனைக்கு நின்றவன் நான். அங்கே வேறு பதில் செல்லாது. "மூடி சரியா உக்காரலன்னா மாத்தித் தருவீங்களா?" சரி. "அண்டாவ வீட்டு வாசல்ல எறக்கிக் குடுத்துடணும்." சரி. அந்தப் பழக்கத்தோடுதான் டேப்லெட்டையும் தொட்டேன். திரையில் ஒரு கட்டம் வந்து ஏதாவது கேட்டால், அது என்ன கேட்கிறது என்று படிக்க மாட்டேன். கீழே 'சரி' எங்கே இருக்கிறது என்றுதான் என் விரல் தேடும். அதனால் எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

டேப்லெட் என் மகளுடையது. அவள் புதிது வாங்கியபோது பழையது என்னிடம் வந்தது. எழுத்தை எல்லாம் தமிழுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். மிச்சத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கடைக்கு வந்தவர்கள்தான். கல்லாப் பக்கத்தில் ஒரு குக்கர் மேல் அதைச் சாய்த்து வைத்திருப்பேன். பார்க்கிறவர்கள் சும்மா போவார்களா?

காடாம்புலியூரிலிருந்து இட்லிப் பானை வாங்க வந்த ஒரு அம்மாதான் எழுத்தைப் பெரிதாக்கக் காட்டிக் கொடுத்தார். "ரெண்டு வெரல வெச்சி விரிச்சி இழுங்கண்ணே. இழுத்தாத்தான் எதுவும் பெருசாவும். எங்க பலா மரத்து வழக்கு அப்பிடித்தான் பெருசாச்சி" என்றார். ஒரு பழைய பஸ் கண்டக்டர், தட்டெழுதும்போது தப்பு வந்தால் முழுக்க அழிக்க வேண்டாம், இடைவெளி விடுகிற அந்த நீளப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே விரலை நகர்த்தினால் வேண்டிய எழுத்துக்குப் போய்விடலாம் என்றார். "ஸ்டாப்பு தாண்டி எறங்கிட்டா பொடி நடையா திரும்பி வரணும். அதுக்காக ஏறுன எடத்துக்கே போயி மறுபடி டிக்கெட் எடுப்பாங்களா?" என்று கேட்டார். பக்கத்து செல்போன் கடைக்காரரோ எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வைத்திருந்தார். "பாதி நோயிக்குத் தூக்கம், மீதி நோயிக்கு ஆஃப் பண்ணி ஆன் பண்றது."

இப்படிச் சொலவடைகளாகச் சேர்ந்துவிட்ட கல்வி என்னுடையது. பேசும்போது பெரிய வித்தகன் மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் எந்தப் பழமொழி எந்தப் பொத்தானுக்கு என்று குழம்பிப் போகும்.

இந்தப் பேச்சை நம்பித்தான் சிதம்பரத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

அவளுக்குச் சர்க்கரை கண்ணைத் தொட்டிருந்தது. வைத்தியம் நடக்கிறது. ஆள் தெரியும், வாசல் தெரியும், அடுப்பு தெரியும். எழுத்து மட்டும் கலங்கிவிடும். வீட்டில் மாமாவுக்குத் தெரியும். தெருவில் யாருக்கும் தெரியாது. அவர்கள் தெருவில் சில கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும். அன்பியம் என்பார்கள். அதில் மன்றாட்டுகளை வாசிப்பது எப்போதும் அக்காதான். அவள் ஒன்று ஒன்றாக வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். இந்த முறை கூட்டம் அவள் வீட்டிலேயே.

"போன மாசம் மனப்பாடம் பண்ணி ஒப்பேத்திட்டேன்டா. இந்தத் தடவ கூட்டத்தன்னிக்கு மத்தியானந்தான் வாட்ஸப்புல அனுப்புவேன்னுட்டாங்க. கண்ணு தெரியலன்னு தெரிஞ்சுதுன்னா, 'நீ ஒக்காரு, பாவம், நாங்க பாத்துக்கறோம்'னுடுவாங்க. அப்பறம் ஒக்காந்தது ஒக்காந்ததுதான். உன் பலகைய எடுத்தாந்து எழுத்தப் பெருசாக்கிக் குடு."

"சரி" என்றேன்.

கூட்டத்தன்று காலையில் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை மடியில் டேப்லெட்டை வைத்து எழுத்தை விரித்து விரித்துப் பழகினேன். பக்கத்து இருக்கைக்காரர் தூக்கத்திலேயே என் திரையைப் படிக்கும் அளவுக்கு எழுத்து வளர்ந்தது. நம்பிக்கையோடு சிதம்பரத்தில் இறங்கினேன்.

மத்தியானம் செய்திகள் வந்தன. அன்பியத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒவ்வொரு மன்றாட்டையும் தனித்தனிச் செய்தியாக அனுப்பியிருந்தார். அக்காவின் வாட்ஸப்பை டேப்லெட்டிலும் வர வைத்திருந்தேன். எழுத்தை முடிந்தவரை பெரிதாக்கி அவள் முன் நீட்டினேன்.

பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"முன்ன சின்னதாக் கலங்கும். இப்பப் பெருசாக் கலங்குது. அவ்ளோதான்டா."

நான் வந்த வேலை அத்தோடு முடிந்துபோனது. இருந்தாலும் வெறுங்கையோடு உட்கார மனம் வரவில்லை. "வெளிச்சம் போதல போல. படுக்க வெச்சிப் பாக்கலாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, வீட்டுப் பீடத்துக்குப் போனேன். அங்கே பைபிள் வைக்கிற மரத்தாங்கி இருந்தது. பைபிளை மரியாதையாக எடுத்து மேலே வைத்துவிட்டு, டேப்லெட்டைத் தாங்கியில் குறுக்காகச் சாய்த்தேன். ஒரு பக்கம் வழுக்கியது. மெழுகுவத்தி பற்றவைக்க அங்கேயே கிடந்த தீப்பெட்டியை அடியில் செருகினேன். கெட்டியாக நின்றது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கட்டம் வந்து என்னவோ கேட்டது. வழக்கம்போல் 'சரி'யைத் தொட்டேன்.

உடனே ஒரு பெண் குரல், வீடு அதிர, என்னவோ இயக்கப்பட்டது என்றது.

"யாருடா வந்திருக்கா?" என்றாள் அக்கா.

டேப்லெட்டைக் கையில் எடுத்தேன். தொட்ட இடத்தில் எல்லாம் பேசியது. நேரம் சொன்னது. 'பின்செல்' என்றது. ஆனால் பின்னால் செல்லவில்லை. ஒரு தட்டு தட்டினால் அந்த இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. மறுபடி இரண்டு தட்டு தட்டினால்தான் வேலையைச் செய்தது. பக்கத்தை ஒரு விரலால் தள்ளினால் நகராமல், அடுத்து இருப்பதை வாசித்தது.

உள் அறையிலிருந்து மாமா வந்தார். ஓய்வு பெற்ற மனிதர். வேடிக்கை கிடைத்தால் விடமாட்டார்.

"என்னா மச்சான், உங்க அக்கா மாதிரியே ஒன்னு புடிச்சாந்திருக்க? ஒரு தடவ சொன்னா காதுல வாங்கிக்குது, ரெண்டு தடவ சொன்னாத்தான் செய்யிது!"

"நக்கல் பண்ணாதீங்க மாமா. எப்பிடி நிறுத்தறதுன்னு பாருங்க."

அவரும் ஒரு விரலை வைத்தார். அது அவருக்குப் பேட்டரி எவ்வளவு என்று சொன்னது. செல்போன் கடைக்காரரின் மருந்தை நினைத்து, போராடி அணைத்து, மறுபடி போட்டேன். தூங்கி எழுந்த தெம்பில் இன்னும் தெளிவாகப் பேசியது. மாமா அதன் மேல் ஒரு தலையணையை வைத்துப் பார்த்தார். தலையணைக்குள்ளிருந்தும் நேரம் சொன்னது.

இந்தக் கூத்தில் நாங்கள் அக்காவைக் கவனிக்கவில்லை. அவள் தலையணையை எடுத்துவிட்டு, டேப்லெட்டை மடியில் வைத்து, தோசை மாவை வழிக்கிற மாதிரி விரலை இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு செய்தியை அது வாசித்தது. எனக்கு அதன் பொருள் மண்டையில் ஏறவில்லை. என் கவலை எல்லாம், மகளின் பண்டத்தைக் கெடுத்துவிட்டோமே என்பதுதான். அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், "கெடக்கட்டும், ராத்திரி பொண்ணுக்குப் போன் பண்ணிக்கறேன்" என்று பழையபடி தாங்கியில் வைத்து, தீப்பெட்டியையும் செருகினேன்.

கொஞ்ச நேரத்தில், நிறுத்தப்பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது.

"அப்பாடா" என்றேன்.

"ஏண்டா நிறுத்துன?" என்றாள் அக்கா. "எனக்கு அதுதான்டா வேணும். அது சொன்னா நான் சொல்லிடுவேன் இல்ல? இப்பத்தான் வெரலுக்குப் புடிபட்டுது."

அப்போதுதான் உறைத்தது. எதை நிறுத்தப் படாதபாடு பட்டேனோ, அதை இப்போது வரவழைக்க வேண்டும். நிறுத்தியது எப்படி என்று தெரியாது. ஆரம்பித்தது எப்படி என்றும் தெரியாது. இரண்டு தெரியாமைகளுக்கு நடுவில் நின்றேன். அமைப்புகள் என்ற பக்கத்துக்குள் போனேன். அது ஒரு பெரிய மளிகைக் கடை. உள்ளே போனதும் வந்தது எதற்கு என்பதே மறந்துவிட்டது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மாமாதான் நிதானமாகக் கேட்டார். "மச்சான், பேச ஆரம்பிச்சப்ப அது எங்க இருந்துது?"

"தாங்கியில."

"நிறுத்துனப்ப?"

"தாங்கியில."

"தொலைச்ச எடத்துலதானே தேடணும்? எடுத்து வெய்யி."

வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேரும் பீடத்துக்கு முன் நின்று அதையே பார்த்தோம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் செபிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். பிழையும் இல்லை.

"தீப்பெட்டி எங்கடா?" என்றாள் அக்கா.

செருகினேன். பேசியது.

குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓசையைக் கூட்டுகிற பொத்தானும் குறைக்கிற பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தீப்பெட்டி இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்கிறது. இவ்வளவுதான் சங்கதி என்று விரலால் செய்து பார்த்தேன். ஒரு முறை ஓசை கூடியது, ஒரு முறை குறைந்தது, மூன்றாம் முறை படம் பிடிப்பது போல் ஒரு சத்தம் வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். தீப்பெட்டிக்கு இருக்கிற பொறுமை என் விரலுக்கு இல்லை.

சாயங்காலம் தெருப் பெண்களும் சில ஆண்களும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். டேப்லெட்டை அக்காவின் மடியில் வைத்து, மாமா பாட்டுக் கேட்கிற இயர்போனை அதில் மாட்டி, ஒரு முனையை அவள் காதில் வைத்து, மேலே சேலையை முக்காடாகப் போட்டுவிட்டேன். ஒயர் வெளியே தெரியவில்லை. பாட்டு முடிந்தது. மன்றாட்டு வந்தது.

அக்கா விரலை இழுத்தாள். கண்ணை மூடினாள். காதில் வருவதை முழுக்கக் கேட்டாள். பிறகு, நிறுத்தி நிறுத்தி, நோயாளிகளுக்காக வேண்டினாள். எல்லோரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். மறுபடி கண்ணை மூடிக் காத்திருந்தாள். மழைக்காக வேண்டினாள். என் பக்கத்தில் ஒரு அம்மா இன்னொருவரிடம், "என்னா பக்தி பாரு, ஒவ்வொன்னுக்கும் எவ்ளோ நேரம் கண்ண மூடுது" என்றார். பரீட்சை எழுதுவது அவள், பயம் எனக்கு.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக வேண்டினாள். பதில் வந்தது. விரலை இழுத்தாள், கேட்டாள், அதே உருக்கமான குரலில் சொன்னாள்:

"பேட்டரி குறைவாக உள்ளது. சார்ஜரை இணைக்கவும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம், ஒரே குரலில்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று ஒவ்வொருவருக்கும் உறைத்தது. மத்தியானம் முழுக்க அதை நோண்டித் தீர்த்தவன் நான் என்பதால் பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே மாமா சார்ஜர் தேட எழுந்தார்.

முதலில் சிரித்தது அக்காதான். சிரித்துக்கொண்டே முக்காட்டைத் தள்ளினாள். காதிலிருந்த ஒயர் எல்லோருக்கும் தெரிந்தது.

"எனக்கு எழுத்துத் தெரியலம்மா. கொஞ்ச நாளாவே தெரியல. இதுல கேட்டுத்தான் சொல்றேன்."

"ஐயோ, பாவமே" என்று ஒரு குரல் வந்தது. அவள் பயந்திருந்த அதே வார்த்தை.

"பாவம்லாம் வேணாம். இன்னும் ரெண்டு மன்றாட்டு பாக்கி இருக்குது. பதில் மட்டும் ஒழுங்காச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

சார்ஜர் வந்தது. இப்போது முக்காடும் இல்லை, மறைப்பும் இல்லை. மிச்சம் இரண்டையும் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். பதில் முன்னைவிடச் சத்தமாக வந்தது. சிரிப்பை அடக்கச் சத்தம் தேவைப்பட்டது என்பதும் ஒரு காரணம். முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் அம்மா சுண்டலை வாங்கிக்கொண்டே சொன்னார்: "அடுத்த மாசம் எங்க வூடு. நீங்கதான் வாசிக்கணும். ஆனா சார்ஜ் போட்டுட்டு வாங்க."

டேப்லெட்டை அக்காவிடமே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மகளிடம் என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தன் செல்போனை நீட்டினார். "அண்ணே, எங்க மாமியாருக்கும் கண்ணு செரியில்ல. இத அப்பிடிப் பேச வெச்சிக் குடுப்பீங்களா? உங்களுக்கு ஜாஸ்தி தெரியும்னு அக்கா சொன்னாங்க."

"சரி" என்றேன்.

சொன்ன பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொத்தான்கள் வேறு பக்கம் இருந்தன. அக்காவைப் பார்த்தேன். எழுத்துத்தான் கலங்குமே தவிர, என் முகத்தைப் படிக்க அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. பீடத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

"தீப்பெட்டி அங்கதான்டா இருக்குது. எடுத்துக்க."