அம்மாவின் முன்பல்

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில், ஆறாம் மாதம். நயினாதீவில் மாதம் ஒரு தரம் நடக்கும் கர்ப்பிணிகள் கிளினிக்கில் அம்மாவின் நிறையைப் பார்க்க வந்த மிட்வைப் அக்கா, நிறையை விட்டுவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு கிழமையாக அம்மா ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். அதை யாருக்காவது சொல்லவேண்டும் என்றுதான் தெரியவில்லை.

"இந்தப் பல்லுகளை இப்பிடியே விட ஏலாது. வயித்துப் பிள்ளைக்கும் கூடாது" என்று அக்கா ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

அப்பா பதுளையில் கடையில் நின்றார்; பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வருவார். அதனால் இரண்டு வயதுத் தம்பியைத் தூக்க நான் போனேன். விடிய வெளிக்கிட்டு, படகில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. படகில் அம்மா இரண்டு தரம் சத்தி எடுத்தார். பல்லு டொக்டரின் அறைக்கு வெளியே வாங்கு நிறைய ஆட்கள். கர்ப்பிணி என்று அம்மாவுக்கு மட்டும் ஒருவர் எழும்பி இடம் விட்டார். தம்பி என் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று நின்றான். எனக்கு இரண்டு கையும் விறைத்துப் போயின.

எங்கள் முறை வந்தபோது பின்னேரமாகிவிட்டது. டொக்டரும் களைத்துத்தான் இருந்தார்.

"கடைவாய்ப்பல்லு சரிவராது, எடுக்கத்தான் வேணும். முன்பல்லில சின்னச் சூத்தைதான். மருந்து வைச்சு அடைச்சால் காப்பாத்தலாம். அதுக்கு இன்னும் மூண்டு தரம் வரவேணும்."

அம்மா பதில் சொல்லுவதற்கு முன் நான்தான் பேசினேன்.

"அம்மா, என்னால இனி வர ஏலாது. கை உளையுது."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். என் தோளில் நித்திரையாகிப்போன தம்பியையும் பார்த்தார்.

"ரெண்டையும் பிடுங்கிவிடுங்கோ ஐயா."

"உமக்கு என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

"இந்த வயசில முன்பல்லைக் குடுக்கப்போறீரோ?"

"ஓம்."

டொக்டர் ஊசியை எடுத்தார்.

திரும்பி வரும்போது அம்மா வாயில் பஞ்சைக் கடித்தபடி தம்பியை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். "நோகுதோ?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். நான் நம்பினேன். இனி இந்தப் படகு, இந்த பஸ், அந்த வாங்கு ஒன்றும் இல்லை என்று எனக்குப் பெரிய நிம்மதி.

தங்கச்சி சுகமாகப் பிறந்தாள். திருவிழாவுக்கு வந்த அப்பா அவளைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே அம்மாவுக்கு ஏதோ பகிடி சொன்னார். அம்மா சிரித்தார்.

"எங்கை முன்பல்லு?"

"ஆடிக்கொண்டிருந்தது. டொக்டர் எடுத்துப்போட்டார்."

பல் ஆடவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லுவோம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என்னை மெல்லத் தன் பக்கம் இழுத்து, குழம்பிக் கிடந்த என் தலைமயிரைப் பின்னத் தொடங்கினார்.

அம்மாவும் பொய் சொல்லுவார் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்தப் பொய் யாருக்காக என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.