சொன்ன இடத்தில் நிற்கும் வண்டி

"கெழவிக்குப் பட்டுப்பாவாடை கட்டி இன்னாக்கா பண்ணப்போற?" என்று மேற்கு மாம்பலம் வண்டி ஸ்டாண்டே சிரித்தது. கெழவி என்றது தேவானையை அல்ல, அவளுடைய பழைய பிக்கப்பை; பட்டுப்பாவாடை என்றது அவள் அதற்கு மாட்டப்போகும் புது பிரேக்கை.

"கட்டிக்கப் போறது அது. உனக்கு இன்னாடா எரியுது?" என்றாள் தேவானை.

அந்த ஸ்டாண்டில் பிரேக் பிடிக்காத வண்டியை நிறுத்துவதுதான் ஆம்பளைத்தனம். ரெண்டு தபா மிதித்து, மூணாவது தபா ஏறி நின்று, கியரைப் போட்டு உறுமவிட்டு நிறுத்துவார்கள். தேவானையும் அப்படித்தான் ஓட்டினாள், போன மழை வரைக்கும். வேளச்சேரியில் முட்டளவு தண்ணீரைத் தாண்டி வெளியே வந்தபோது பிரேக் டிரம்மெல்லாம் நனைந்திருந்தது. மிதித்தாள், வண்டி கேட்கவில்லை. முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன். எப்படியோ ஒடித்து ஓரத்து மணலில் ஏற்றி நிறுத்தினாள். வேனின் பின்கண்ணாடி வழியே பிள்ளைகள் அவளுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த டாட்டா அவளைத் தூங்கவிடவில்லை.

அடையாற்றங்கரைக் குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்தில் நாலாவது மாடியைக் கையில் கொடுத்தபோது, "இனிமே அங்கேயே பொழைச்சுக்கம்மா" என்றார்கள் அதிகாரிகள். அவள் படுக்க மட்டும் அங்கே போனாள். விடிந்தால் மாம்பலத்தில் வண்டியோடு நின்றாள். வீட்டை எடுத்தவர்களால் வண்டியை எடுக்க முடியவில்லை. அந்த வண்டியை இந்தத் தண்ணீர் எடுத்துக்கொள்வதா?

மந்தைவெளியில் மெக்கானிக் தௌஃபீக்கின் பட்டறைக்குப் போனாள். முன் சக்கரம் இரண்டுக்கும் நனைந்தாலும் பிடிக்கிற டிஸ்க் பிரேக் வேண்டும் என்றாள்.

"டிஸ்க் மட்டும் போதாதுக்கா. மாஸ்டர் சிலிண்டர் மாத்தணும், பூஸ்டர் வைக்கணும், பழைய ரிம்மும் இடிக்கும். அதுக்குப் புது வண்டியே வாங்கிக்கலாம்."

"உன்னைப் பெத்த அத்தாவுக்கு வயசாயிடுச்சுன்னு புது அத்தா வாங்கிக்கினியா? மாட்டு."

தௌஃபீக் சிரித்துக்கொண்டே ஜாக்கியை இழுத்தான். அதே வண்டியின் பிந்தைய மாடலில் கம்பெனியே டிஸ்க் வைத்திருந்ததால் சாமான் பொருந்தியது. ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும்போது, "மெதுவா மிதிக்கா, இது பழைய மாதிரி இல்ல" என்றான். அவள் தலையை ஆட்டினாள். கால் ஆட்டவில்லை.

மறுநாளே கல்யாணச் சமையல் லோடு. சமையல் மாஸ்டர் அய்யாதுரையின் லோடுதான் அவளுக்குச் சோறு. மாம்பலத்தில் சமைத்து வடபழனி மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அசோக் பில்லர் சிக்னலில் அவள் கால் பழைய வெறியோடு ஏறி மிதித்தது. வண்டி அந்த இடத்திலேயே நின்றது. சாம்பார் நிற்கவில்லை. அண்டாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு பிக்கப் முழுக்க ஓடி, பின்கதவு வழியே ரோட்டில் இறங்கியது.

"பழைய பிரேக்கையே மாட்டிட்டு வாம்மா. இல்லேன்னா அடுத்த முகூர்த்தத்துக்கு வேற வண்டி சொல்லிட்டேன்" என்றார் அய்யாதுரை.

"மாட்ட மாட்டேன் மாஸ்டர். தப்பு பண்ணது கால். காலை மாத்திக்கினு வரேன்."

சொம்பு நிறையத் தண்ணீரைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு, மயிலாப்பூர் மாட வீதிகளைத் தினமும் காலையில் சுற்ற ஆரம்பித்தாள். மாடு, பூக்கூடை, ஆட்டோ, தேங்காய்ச் சில்லுக்கு நடுவில் நின்று நின்று போனாள். முதலில் சீட்டெல்லாம் ஈரம். ஸ்டாண்டு விக்கி, "இன்னாக்கா, வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்கிறியா?" என்றான். "உனக்கும் கீது, வா" என்று மிச்சத்தை அவன்மேல் ஊற்றினாள். பிறகு ஒருநாள் சொம்பு தளும்பாமல் வந்தது.

முகூர்த்தத்தன்று சமையல் கூடத்து வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "வேற வண்டி வருதும்மா" என்றார் அய்யாதுரை, வெள்ளை வேட்டியில்.

"வரட்டும். அதுக்கு முன்னாடி நீ என் வண்டில அண்டா பக்கத்துல குந்து. மூடியப் புடிக்கக் கூடாது. வேட்டில ஒரு சொட்டு வுழுந்தா நான் இந்தப் பக்கமே வரல."

ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அண்டாவை ஏற்றச் சொல்லிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்தார்.

வடபழனி டிப்போவுக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சடாரென்று குறுக்கே புகுந்தது. அவள் கால் மிதியைத் தொட்டது, அழுத்தியது, இன்னும் கொஞ்சம் அழுத்தியது. ஆட்டோவுக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றது. பின்னாலிருந்து "முருகா!" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மூடி ஒருமுறை சிணுங்கிவிட்டு அடங்கியது.

மண்டபத்தில் அய்யாதுரை இறங்கி, வேட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்கருகே மஞ்சளாய் ஒரு பொட்டு. "இது என்னவாம்?"

"அது நீ ருசி பாக்கசொல்ல ஊத்திக்கினது. வண்டி ஏறும்போதே பாத்துட்டேன். காஞ்சிட்டுது பாரு."

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது.

"சரி, சாயங்கால டிபனுக்கும் வந்துடும்மா."

"வரேன். அந்த வேற வண்டிக்குப் போனப் போட்டு வராதன்னு சொல்லு. என் எதிர்ல சொல்லு."

அய்யாதுரை இடுப்பிலிருந்து போனை எடுத்தார். அவர் பேசி முடிக்கும் வரை தேவானை பின்கதவைத் திறக்கவில்லை.