படகில் எங்கே ஓடுவது?

தீபாவளி சீசன் முடிந்ததும், சிவகாசியிலுள்ள எங்கள் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் இருபது பேர் கேரளாவில் படகு வீட்டில் சுற்றுலா போனோம். மதியம் மீன் பொரித்த வாணலியில் குப்பென்று தீப்பிடித்தது. தீயைக் கண்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடு என்பதுதான் எங்களுக்குக் கம்பெனியில் பழக்கியிருந்த பாடம். அம்புட்டுப் பேரும் படகின் முன்பக்கம் ஓடினோம். படகு முன்னால் அமுங்கியது. எதிரே தண்ணீர்!

"அக்கா, இனி எங்கன ஓட?" என்று என் கையைப் பிடித்து அலறினாள் மாரியம்மா.

அதற்குள் படகின் சமையல்காரர் தீயணைக்கும் சிலிண்டரின் பின்னை உருவி வெள்ளைப் பொடியை அடிக்க, தீ அணைந்தது. கோலமாவு கொட்டியதுபோல் கிடந்த மீனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கரை சேருமுன் சமையல்காரரிடம் அந்தச் சிலிண்டரை இயக்கக் கற்றுக்கொண்டேன். கம்பெனியில் தீயைக் கண்டால் இப்போதும் ஓட்டம்தான். ஆனால் படகில் ஏறினால், வேடிக்கை பார்க்கும் ஓரத்து இடத்தை மாரியம்மா எடுத்துக்கொள்ளட்டும். எனக்குச் சிவப்பு சிலிண்டருக்குப் பக்கத்து இடம்தான் வேண்டும்.