கசிவு இல்லாத கரை

வெம்பக்கோட்டைக்கு மேற்கே ஒரு கல்குவாரி இருக்கிறது. கல்லை உடைத்து மணலாக்கி, கழுவி, லாரியில் ஏற்றுவார்கள். கழுவும்போது வருகிற வெள்ளைச் சேறு வெளியே போகாமல் இருக்க ஒரு பனை உயரத்துக்கு மண்கரை போட்டிருந்தார்கள். கரைக்குக் கீழே முதல் நிலம் என் அண்ணனுடையது. பருத்தி போட்டிருந்தார்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறவள். ஒரு மத்தியானம் அதே குவாரியின் ஆர்டர் வந்தது. அந்தக் கரையின் பாதுகாப்பு பற்றி அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கை. நாலாம் பக்கத்தில் கையால் எழுதியிருந்தார்கள்: "கரையின் அடியில் கசிவு இல்லை. கீழ்ப்பகுதியில் விவசாயம் இல்லை."

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே நின்றிருந்தேன். சுள்ளென்ற வெயிலில் கரையடி ஈரமாகக் கிடந்தது. கோரை முளைத்திருந்தது. என் செருப்பு புதைந்தது. காவலாளியிடம் சொன்னதற்கு, "மண்ணுன்னா வேர்க்கத்தான் செய்யும், பயப்படாதீக" என்றான்.

அச்சக முதலாளியிடம் தாளை நீட்டினேன். "அண்ணாச்சி, இது பொய். அங்கன எங்க அண்ணன் பருத்தி நிக்குது."

"எழுதுனவுகளுக்குத்தான் பொறுப்பு தாயி. நமக்கு எழுத்துப்பிழை இல்லாம இருந்தாப் போதும்."

அப்படியே டைப் அடித்தேன். "விவசாயம்" தப்பாக எழுதியிருந்தது, அதையும் திருத்தினேன். குவாரிக்காரன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி இன்றைக்கும் என் மேலேயே இருக்கிறது.

ஐப்பசி மழையின் மூன்றாம் நாள் காலையில் கரை நடுவில் சரிந்தது. அண்ணன் டீ குடிக்கப் போயிருந்ததால் உயிரோடு இருக்கிறார். போனில் அவர் குரல் அடங்கிப்போய்க் கேட்டது.

"வெள்ளையா வருதுத்தா. கிணத்துக்குள்ள எறங்குது."

"பருத்தி?"

"எங்கன நின்னுச்சுன்னே தெரியல."

திங்கட்கிழமை இருவரும் சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கப் போனோம். அதிகாரி அந்த அறிக்கையைப் புரட்டினார்.

"கீழ விவசாயமே இல்லைன்னு இதுல இருக்கேம்மா."

"அதை அடிச்சதே நான்தான் சார். பொய்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். நீங்க ஒரு நாளாவது வந்து பாத்தீகளா?"

அவர் அண்ணனின் கால்களைப் பார்த்தார். முழங்கால்வரை வெள்ளை காய்ந்திருந்தது. அறிக்கையை மூடி வைத்தார். "மனுவைக் குடுத்துட்டுப் போங்க, ஆள் அனுப்புறோம்."

பத்து நாள் கழித்து ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். குவாரி கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. பிறகு ஜேசிபி வந்து, சரிந்த அதே மண்ணை அள்ளி அதே இடத்தை அடைத்தது. வயலில் கிடந்த சேற்றை அள்ள ஒருவனும் வரவில்லை. அது சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிட்டது. அண்ணன் கடப்பாரையால் உடைக்கிறார். ஞாயிறுதோறும் போய்க் கூடையில் அள்ளிக் கொட்டுகிறேன். இதுவரை கால் குறுக்கம் நிலம்கூட முடியவில்லை.