முடிவு எழுதாத இசைத்தாள்

என் கையெழுத்தின் மேல் எனக்கு அப்போது இருந்த கர்வத்தை நினைத்தால், என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. என் வரைபலகையைத் தூக்கிக்கொண்டுபோய் கேன்டீனில் சாம்பார் வாளி வைக்கப் போட்டார்கள். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். என் கைக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை, தாம்பரத்து மெல்லிசைக் குழு ஒன்றுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பதுதான். வயலின், டிரம்பெட், கீபோர்டு என்று யார் எதை எப்போது வாசிக்க வேண்டும் என்பதை ஐந்து கோடுகளில் எழுதித் தருகிற வேலை.

எனக்கென்று சட்டங்கள் உண்டு. நடுக்கோட்டுக்கு மேலே போன ஸ்வரத்துக்குக் குச்சி கீழே தொங்க வேண்டும். கீழே இருப்பதற்கு மேலே நிமிர வேண்டும். ஒரு வரிக்கு நாலு கட்டம், ஐந்தாவதைத் திணிக்கக் கூடாது. வாசிப்பவருக்கு ஓய்வு வரும் இடத்தில்தான் பக்கம் முடிய வேண்டும். தலைதெறிக்க ஓடுகிற இடத்தில் முடித்தால், பாவம், வயலின்காரர் மூக்காலா பக்கத்தைத் திருப்புவார்? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: என் தாளில் யாரும் பேனாவோ பென்சிலோ வைக்கக் கூடாது. எழுதியதை வாசி, எழுதாததை வாசிக்காதே. இதைச் சொல்லும்போது எனக்கு ஹெட்மாஸ்டர் குரல் வந்துவிடுகிறது என்று டிரம்பெட்காரர் கேலி செய்வார். அவர் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். காலையில் மீன் ஏலம், சாயங்காலம் டிரம்பெட்.

இந்தச் சட்டத்தை மீறியவர் ஒரே ஒருவர். அஸ்தினாபுரத்திலிருந்து வரும் கணக்கு டீச்சர், எங்கள் முதல் வயலின். தாளைக் கொடுத்த ஐந்தாவது நிமிடம் அவருடைய கைப்பையிலிருந்து ஒரு குட்டைப் பென்சில் வெளியே வரும். ஒத்திகை இடைவேளையில் மற்றவர்கள் தாளையும் வாங்கிக் கிறுக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதைப் பார்த்தாலும் திருத்துகிற வாத்தியார் புத்தி என்று அவர் காதுபடவே முணுமுணுத்திருக்கிறேன். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார். என்னதான் எழுதுகிறார் என்று நானும் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் லீடர், காட்டாங்குளத்தூர் கல்லூரியில் வேலை பார்க்கும் தன் மைத்துனர் வீட்டில், நோட்ஸ் அச்சடிக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். மனுஷர் சுற்றி வளைக்கவில்லை. அடுத்து வரும் குரோம்பேட்டைக் கல்யாண ரிசப்ஷனை என் தாளில் வாசிப்பது, ஒரு இடத்தில் இடறினாலும் அடுத்த மாதத்திலிருந்து கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டார். இதுவும் போனால் ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிறவன், அவ்வளவுதான்.

எல்லார் தாளையும் திரும்ப வாங்கினேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டீச்சரின் கிறுக்கலையெல்லாம் என்னவென்று படிக்காமலே ரப்பர் போட்டு அழித்தேன். மங்கிய கோடுகளுக்கு மறுபடி மை ஏற்றினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ரிசப்ஷன் அன்று மேடையில் தாளை வைத்துவிட்டு டீச்சரிடம் பென்சிலுக்காகக் கையை நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்றைக்கு ஒருநாள் எழுதியதை மட்டும் வாசியுங்கள் என்றேன். பென்சிலைக் கொடுத்துவிட்டார். எனக்கே தெரியாமல் குழுவில் எல்லாரும் ஏற்கெனவே கூடிப் பேசியிருக்கிறார்கள்: என் வேலை போகக் கூடாது, அதனால் என் தாளில் இருப்பதை அட்சரம் பிசகாமல் வாசிப்பது என்று.

லீடர் தான் வாசிக்கும் கீபோர்டைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டு, நீதிபதி மாதிரி முதல் வரிசையில் உட்கார்ந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வருவதற்கான இசை தொடங்கியது. அருமையாகப் போனது. ஜோடி மேடை ஏறியது. இசை முடிந்ததும் உட்காருங்கள் என்று வீடியோக்காரர் சொன்னதால் இருவரும் சிரித்தபடி நின்றார்கள்.

இசை முடியவில்லை. மறுபடி ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பரிசுப் பொட்டலங்களோடு வரிசை மண்டப வாசல் வரைக்கும் நீண்டது. மாப்பிள்ளையின் சிரிப்பு பல்வலிக்காரர் சிரிப்பாக மாறியது. பந்தியில் அப்பளத்தைத் தாளத்துக்குத்தான் நொறுக்கினார்கள். ஏழாவது சுற்றில் கரண்ட் போனது. அப்பாடா என்று யாரோ சொன்னார்கள். கீபோர்டுதான் நின்றது, இருட்டில் வயலினும் டிரம்பெட்டும் மனப்பாடமாகத் தொடர்ந்தன. ஜெனரேட்டர் வந்ததும் கீபோர்டு சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொண்டது. அதற்காகப் பெருமைப்பட்டேன், வெட்கங்கெட்டவன்.

பத்தாவது சுற்றில் டிரம்பெட்காரர் வாயிலிருந்து கருவியை எடுத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணா, எங்க நிறுத்தறதுன்னு எழுதவே இல்லியே. உதடு வீங்கிகினு கீது."

எட்டிப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தின் மேல், 'குறியிலிருந்து மறுபடி' என்று என் முத்து முத்தான எழுத்து. அதாவது, முன்னால் குறி போட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் வாசிக்க வேண்டும். திரும்பப் போனவர்கள் எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டுமோ அதன் மேல் 'முடிவு' என்று எழுத வேண்டும். அது எங்கேயும் இல்லை. என் தாளின்படி அந்தக் கல்யாணத்துக்கு முடிவே கிடையாது.

கையை அசைத்தால் நின்றுவிடும். ஆனால் அசைத்தால் தப்பு என்னுடையது என்று லீடருக்குத் தெரிந்துவிடும். அதனால் இன்னும் இரண்டு சுற்று சும்மா நின்றேன். கல்யாணப் பெண்தான் மேடையோரம் நின்ற என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அண்ணா, நாங்க உட்காரலாமா?"

ஓடும் பஸ்ஸை நிறுத்துவது போல இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். ஒவ்வொருவராக நின்றார்கள். மண்டபமே கைதட்டியது. லீடர் மட்டும் தட்டவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்து, "அடுத்த மாசம் கம்ப்யூட்டர்ப்பா" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

தாள்களை அடுக்கும்போது டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ரப்பர் போன இடத்தில் லேசான தடம். ஒவ்வொரு தாளிலும் அதே கட்டத்தின் மேல் 'முடிவு'. அது மட்டுமா? நான் போட மறந்த ஷார்ப் குறி, ஒரு எண்ணிக்கை குறைந்த கட்டம், தப்பான கோட்டில் உட்கார்ந்த ஸ்வரம். பக்கத்துக்கு ஏழெட்டு. இத்தனை வருடமாக என் தெளிவான நோட்ஸ் என்று ஊர் மெச்சியது எது என்று அப்போதுதான் புரிந்தது.

பக்கத்தில் டீச்சர் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். தெரிந்திருந்தும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். நானே அழித்ததால், இந்த முறை நிறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேனாக்கும் என்று இருந்துவிட்டாராம். ஏன் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க எழுத்து அவ்ளோ அழகா இருக்கும் சார். அதுமேல பேனா வைக்க மனசு வரல. அழிச்சா தெரியக் கூடாதுன்னுதான் லேசா போட்டேன்."

அந்தத் தாள்களை இனி யாரும் வாசிக்கப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சட்டைப் பையிலிருந்த அவருடைய பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே எழுதச் சொன்னேன். அழுத்தி எழுதச் சொன்னேன்.